பொருள் வெளிப்படை

ஏலே பேராண்டி, பாடப்புத்தகத்துக்கு அடிக்குறிப்பு எழுதுத வேலை உனக்குக் கிடைச்சிருக்குன்னு உங்கம்மா தெருத்தெருவாச் சொல்லிட்டு வாரா. சந்தோசம். புலவனுக்குப் பக்கத்தோட நடுவிலே இடம். உனக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்திலே இடம். அதுக்காக மனசு விட்டுராதே. பண்ணையார் வீட்டிலே நடுக்கூடத்திலே உக்காந்திருக்கவரை விட, வாசல்லே துண்டை விரிச்சு உக்காந்து 'யாரு, என்ன விசயம்'னு கேக்குதவனுக்குத்தான் வரும்படி ஜாஸ்தி. நான் நாலாப்பைத் தாண்டாதவன். மிச்சப் படிப்பெல்லாம் தமிழ் வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயும் கோர்ட்டு வராந்தாவிலேயும் காதுவழியா ஏறினது. இருந்தாலும் உனக்குச் சொல்லக் கொஞ்சம் புத்தி மிச்சம் இருக்கு. வெத்திலையை மடிச்சுக்கிட்டே சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதப் புத்தி. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லுக்குத் தவறாமப் பொருள் எழுது. 'யானை: ஒரு விலங்கு.' 'மழை: வானிலிருந்து பொழிவது.' தெரியாத சொல் வந்தா, கடன் கொடுத்தவனைத் தெருவிலே பாத்தா என்ன செய்வியோ அதைச் செய்யி. பழைய உரைகாரங்களே சில இடத்திலே 'பொருள் வெளிப்படை'ன்னு ஒரு வரி போட்டுட்டு நடையைக் கட்டியிருக்காங்க. கதிரவனுக்கு ஞாயிறுன்னு எழுது. ஞாயிறுக்குப் பரிதின்னு எழுது. பரிதிக்குக் கதிரவன்னு எழுதிக் கதவைச் சாத்திரு. உள்ளே மாட்டின பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிக்கும். அப்படியும் தப்பிக்க முடியாத சொல்லு வந்துட்டா இருக்கவே இருக்கு: ஒருவகை மரம், ஒருவகைப் பூ, ஒருவகை மீன்.

உன் தங்கச்சி அன்னைக்குச் சத்தம்போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தா, 'காந்தள்: ஒருவகை மலர்'னு. எழுதினவனைக் கும்பிடணும். ஒரு எழுத்துத் தப்புச் சொல்ல முடியாது பாரு. நம்ம வேலியிலே அது கிடந்து படருதே, நீ சின்னப்பிள்ளையிலே பறிக்கப் போயி உங்க ஆச்சிகிட்ட அடி வாங்கினியே, அந்தக் கார்த்திகைப் பூதான். இலை நுனியே சுருண்டு கொக்கியாகிப் பக்கத்துச் செடியைப் பிடிச்சுக்கிடும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமா இருக்கும், நாளாக ஆகச் சிவப்பு ஏறி, கடைசியிலே மொத்தமும் செக்கச்செவேல்னு ஆயிரும். புலவருக்கு அது பொம்பளை விரல். தமிழ்நாடு சர்க்காருக்கு அது மாநில மலர், செங்காந்தள்னு மரியாதையாச் சொல்லும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சம்சாரிக்கு அது கண்வலிக்கிழங்கு. கம்பிப் பந்தல்லே ஏத்தி, விடியக்காலையிலே வயலுக்குப் போயி ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பான். அவனுக்குப் பூ பெருசில்லே, விதைதான் காசு. அதிலே கோல்ச்சிசின்னு ஒரு சரக்கு இருக்கு, கால் பெருவிரல் வீங்கித் துடிக்குமே, அந்த வாதத்துக்கு மருந்து. வைத்தியருக்கு அதோட கிழங்கு கலப்பைக்கிழங்கு, சுத்தி பண்ணாமத் தொடக்கூடாத நஞ்சு. போலீஸ் ஸ்டேஷன்லே அது யாரோ தின்னு செத்த கேஸு. இத்தனை பேரு கையிலே இத்தனை விதமாப் புழங்குதது, உன் புத்தகத்துக்கு வந்ததும் 'ஒருவகை' ஆயிருது. கிழங்கைக் கடிச்சா உசிரு போகும்னு ஒரு வார்த்தை எழுத இடம் பத்தலை, யானையை விலங்குன்னு எழுத மட்டும் இடம் இருக்கு.

ரெண்டாவது, சொல்லு எந்த வீட்டிலேருந்து வந்திருக்குன்னு விசாரிக்காதே. விசாரிச்சா வேலை கூடும். கவுளின்னு ஒரு சொல் வந்தா பல்லின்னு எழுதிட்டுப் போயிரு. 'கல்யாணத்துக்கு நாலு கவுளி வாங்கிட்டு வா'ன்னு கதையிலே இருந்தாத்தான் என்ன? பிள்ளைங்க நாலு பல்லியைப் பிடிச்சுட்டு வரட்டும். கொடிக்கால்லே வேலை செஞ்சவனுக்குத்தானே தெரியும், கவுளின்னா நூறு வெத்திலைக் கட்டுன்னு. அவன் எங்கே உன் புத்தகத்தை வாசிக்கப் போறான்.

எச்சத்தை எடுத்துக்கோ. இலக்கண வாத்தியாருக்கு அது முடியாம நிக்குத வினை. வந்த, வந்துன்னு சொல்லி வாயைத் திறந்துட்டு நிக்கும், அடுத்த சொல்லு வந்து முடிச்சு வைக்கணும். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வேப்பமரத்தடியிலே உக்காந்தவனுக்கு எச்சம்னா வேற, அது ஏற்கெனவே முடிஞ்ச வினை. தொல்லுயிர் எச்சம்னு சொல்லிக் கோடி வருசத்துக் கல்லைக் கண்ணாடிப் பெட்டியிலே வச்சுப் பூட்டுதவங்களுக்கு இன்னொண்ணு. வள்ளுவர், ஒருத்தன் தக்கவனா இல்லையான்னு அவன் எச்சத்தை வச்சுத் தெரிஞ்சுக்கலாம்னாரு. அந்த எச்சம் அவன் பெத்த பிள்ளைகள்னு பரிமேலழகர் உரை எழுதிட்டாரு. பிள்ளையில்லாத நல்லவங்க கதி என்னன்னு அவர்கிட்ட யாரு போய்க் கேக்க? அப்புறம் வந்தவங்க புகழ், பேரு, விட்டுப்போன காரியம்னு வேற வேற வழி பாத்தாங்க. உன்னை வச்சு என்னை எடை போடலாம்னு பரிமேலழகர் சொல்லுதாரு. எனக்குக் கொஞ்சம் கலக்கமாத்தான் இருக்கு.

உரைன்னா அதுக்கு 14 உறுப்பு உண்டுன்னு நன்னூல்லே பவணந்தியார் பட்டியல் போட்டிருக்காரு. சொற்பொருள்ங்கிறது அதிலே ஒண்ணுதான். வினாவும் விடையும்கூட அந்தப் பட்டியல்லே இருக்கு. கேக்கவனும் நானே, சொல்லுதவனும் நானேன்னு கோனார் நோட்ஸ் பின்னாடி கட்டின கோட்டைக்கு அன்னைக்கே கடைக்கால் தோண்டியாச்சு. உனக்கு 14-ம் வேண்டாம். பெரியவங்க கிட்டேருந்து அவங்க தந்திரத்தை மட்டும் எடுத்துக்கோ.

நச்சினார்க்கினியர்னு மதுரையிலே ஒரு பெரியவர் இருந்தாரு. தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவகசிந்தாமணின்னு மலை மலையா உரை எழுதினவரு. அவர் இல்லேன்னா பழந்தமிழ்லே பாதிச் சொல்லு நமக்கு ஊமை. அதை மொதல்லே சொல்லிக்கிடுதேன், இல்லேன்னா வாத்தியார் ஆவி என்னைச் சும்மா விடாது. ஆனா அவர் கை சும்மா இருக்காது. முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடி. அந்தச் சின்னக் காட்டுக்குள்ளே புகுந்து, எங்கேயோ மேலே இருக்க சொல்லைக் கீழே இருக்கதோட கட்டி, கீழே இருக்கதை மேலே ஏத்தி, தான் நினைச்ச பொருளுக்குத் தக்கன முடிச்சுப் போட்டிருப்பாரு. இலக்கணத்திலே அதுக்கு மாட்டுன்னு பேரு வேற உண்டு. 1903-ல மறைமலையடிகள் அதே பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதினாரு. பாட்டை எழுதின நப்பூதனார் வச்ச வரிசையிலேயே பொருள் நேராப் போகுதே, இந்த இழுபறி எதுக்குன்னு வெளிப்படையாக் கேட்டாரு. நீ எந்தப் பக்கம் நிக்கணும்னு கேக்குதியா? புத்தகம் எந்த வாத்தியார் சிபாரிசுலே பாடமா வருதோ அந்தப் பக்கம்.

நச்சினார்க்கினியர்கிட்ட இன்னொரு வித்தை. நடுவிலே ஒரு மேற்கோளை எடுத்துவிட்டு, 'என்றார் பிறரும்'னு ரெண்டே வார்த்தையிலே முடிச்சிருவாரு. எந்தப் பிறர், எந்த நூல்? மூச்சு விடமாட்டாரு. அவர் காலத்து மாணவனுக்கு அது மனப்பாடமா இருந்திருக்கும், சொல்லவேண்டிய தேவை இல்லே. அந்தப் பிறரைத் தேடி அலையுத பாரம் பின்னாலே உ.வே.சாமிநாதையர் தலையிலே விழுந்தது. 1880-ல கும்பகோணத்திலே சேலம் இராமசாமி முதலியார், 'சிந்தாமணி படிச்சிருக்கீங்களா'ன்னு அவரைக் கேட்டு வச்சாரு. அதுக்கப்புறம் அவர் சுவடியை எடுத்துட்டு உக்காந்தா, காவியம் சமண நூல், சமணச் சொல்லெல்லாம் கண்ணைக் கட்டின காடு. என்ன செஞ்சாரு தெரியுமா? 'ஒருவகைக் கொள்கை'ன்னு எழுதி வைக்கலை. அந்த ஊர்லேயே குடியிருந்த சமணர் வீட்டு வாசல்லே போய் நின்னாரு. காலேஜிலே பாடம் நடத்துத மனுசன், பாடம் கேக்கப் போனாரு. பண்டிதங்களையெல்லாம் திணறடிச்ச சொல்லு அந்த வீடுகள்லே அன்றாடம் புழங்குத சொல்லு. 1887-ல சிந்தாமணி அச்சாகி வந்தது. பிறர் பிறர்னு உரைகாரர் சொன்னதிலே பல வரியும் சங்க நூல்னு ஏடு ஏடாப் பாத்து அவர் அடையாளம் கண்டுக்கிட்டாரு. மணிமேகலைக்கு வந்தப்போ அது பௌத்தம். அதுக்கு மளூர் ரங்காசாரியாரைப் பிடிச்சாரு. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நீயும் 'என்பர்'னு போட்டுரு. யார் என்பர்னு கேட்டா 'பிறர்'னுரு. இன்னும் நூறு வருசம் கழிச்சு எவனாவது வருவான், தேடிக்கிடுவான்.

இலக்கியத்திலே பொருள் தப்பினா மார்க்குத்தான் போகும். வைத்தியத்திலே ஆளே போயிருவான். 'குமரியைத் தோல் சீவி ஏழு தடவை கழுவி'ங்கிற மாதிரி வைத்தியச் சுவடியிலே வரும். அங்கே போயி 'குமரி: இளம்பெண்'னு குறிப்பு எழுதினே, உன்னை ஜாமீன்லே எடுக்க நான் வரமாட்டேன். அது சோத்துக்கத்தாழை. சூதம்னா புலவருக்கு மாமரம், வைத்தியருக்குப் பாதரசம். மாம்பழச் சாறுன்னு நினைச்சு எவனும் குடிக்காம இருந்தாச் சரி. திரிகடுகம்னா சுக்கு, மிளகு, திப்பிலி. நல்லாதனார் அதையே தன் புத்தகத்துக்குப் பேரா வச்சுட்டாரு. இந்தச் சரக்கு உடம்புக்கு, என் பாட்டு மனசுக்குன்னு கணக்கு. அவர் வைத்தியக் கடையிலேருந்து சொல்லைக் கடன் வாங்கினதோட சரி. திருப்பிக் கேக்க யாருமில்லே.

சரி, எழுதுத பொருளை வச்சு ஆளை உள்ளே தள்ளுதவங்க யாரு? சட்டக்காரங்க. அங்கே போய்ப் பாரு, குறிப்பு எழுதுத கலையை. 1837-ல மெக்காலே துரை நகல் எழுதி, 1860-ல சட்டமா வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். திருட்டுன்னா என்னன்னு 378-ஆம் பிரிவிலே ஒரு நீள வாக்கியம். அது ஒருத்தனுக்கும் புரியாதுன்னு துரைக்கே தெரிஞ்சிருக்கு. கீழே உதாரணமா அடுக்கியிருக்காரு. ஏ-ன்னு ஒருத்தன், இசட்னு ஒருத்தன். இசட்டோட நிலத்திலே நிக்குத மரத்தை ஏ வெட்டுதான். சட்டைப்பைக்குள்ளே நாய்க்குத் தீனியை வச்சுக்கிட்டு நடக்கான், இசட்டோட நாய் மோப்பம் பிடிச்சுப் பின்னாலே வருது. நாய் கிளம்பினதும் திருட்டு. இன்னொண்ணு கேளு, இதுதான் எனக்கு உசிரு. பொக்கிஷப் பெட்டியைச் சுமந்துட்டு ஒரு காளை ரோட்டிலே வருது. ஏ அதைத் தனக்குத் தோதான பக்கம் ஓட்டுதான். காளை நகர ஆரம்பிச்ச உடனே பொக்கிஷத்தைத் திருடினதாக் கணக்கு. பெட்டியைத் திறக்க வேண்டாம், தொட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மாடு நகந்தாப் போதும்! அந்தப் பிரிவோட வாக்கியத்தை எனக்கு வக்கீல் குமாஸ்தா எத்தனையோ தரம் சொல்லியும் மண்டையிலே ஏறலை. காளை ஒரு எட்டு எடுத்து வச்சதும் ஏறிருச்சு. 2024 ஜூலை 1-ல பாரதிய நியாய சன்ஹிதா வந்து திருட்டுக்கு 303-னு புது நம்பர் போட்டாச்சு. ஏ-வும் இசட்டும் மூட்டை முடிச்சோட அங்கே குடிவந்துட்டாங்க. இத்தனை காலமாத் திருடுத ஏ-யைப் பிடிக்க இன்னும் ஒரு போலீசுக்காரன் பிறக்கலை.

அந்தச் சட்டக்காரங்களும் ஒரே சொல்லுக்கு ரெண்டு வாய் வச்சிருக்காங்க. நல்லெண்ணம்னு ஒரு சொல்லு. 1897-ல வந்த பொது வாசகங்கள் சட்டத்திலே, நேர்மையாச் செஞ்சா அது நல்லெண்ணம், கவனக்குறைவா இருந்தாலும் பரவாயில்லை. தண்டனைச் சட்டத்திலே, உரிய கவனம் இல்லேன்னா அது நல்லெண்ணமே கிடையாது. மனசு சுத்தமா இருந்தாப் போதும்னு ஒரு சட்டம், கையும் சுத்தமா இருக்கணும்னு இன்னொரு சட்டம். 1887-ல கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. நாட்டு வைத்தியர் ஒருத்தர் மூலவியாதிக்காரனுக்குச் சாதாரணக் கத்தியாலே உள்மூலத்தை அறுத்திருக்காரு. ரத்தம் நிக்காம ஆளு போயிட்டான். நல்லெண்ணத்திலேதான் அறுத்தேன்னாரு. அவர் நல்லவர்தான், அறுக்கத் தெரியாத நல்லவர். கோர்ட்டு அந்த நல்லெண்ணத்தை ஏத்துக்கலை.

இப்போ நான் மெல்லுத வெத்திலைக்கு வாரேன். வெத்திலை காய்கறியா? சிரிக்காதே, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கேள்வி இது. வடக்கே அகோலாவிலே வெத்திலை வியாபாரிங்க. அப்போ அங்கே காய்கறிக்கு விற்பனை வரி கிடையாது. இலை, கொடி, பச்சை, எல்லாம் தாவரந்தானே, எங்க சரக்கும் காய்கறிதான்னு வாதாடினாங்க. செடிகொடி சாஸ்திரப்படி பாத்தா அவங்க சொல்லுததைத் தள்ளவும் முடியாது. 1961-ல கோர்ட்டு சொன்னது இதுதான்: சாஸ்திரக்காரன் என்ன சொல்லுதான்னு கேக்காதே, தினம் வாங்குதவனும் விக்குதவனும் என்ன அர்த்தத்திலே சொல்லுதான்னு பாரு. காய்கறி வாங்கிட்டு வான்னு சொல்லிவிட்டா வெத்திலையை வாங்கிட்டு வந்து நிக்குத புருசன் எந்த ஊர்லே இருக்கான்? வரி கட்டுன்னு சொல்லியாச்சு. மறு வருசம் பீகார்லேருந்து கரும்பு போச்சு, அதுவும் பச்சைக் காய்கறி இல்லேன்னு திரும்பி வந்தது. 1977-ல வங்காளத்திலேருந்து பச்சை இஞ்சி போய், காய்கறிதான்னு ஜெயிச்சுட்டு வந்தது. 1985-ல நம்ம மதுரைப் பக்கத்துத் தேங்காய் போச்சு. புதுப்பழமும் இல்லே, காய்கறியும் இல்லேன்னு ரெண்டு வாசலும் அடைச்சுட்டாங்க. தேங்காயோட நிலைமையைப் பாத்தியா, பேருலேயே காயை வச்சுக்கிட்டு! அந்த ஜட்ஜுமாரெல்லாம் பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க. கடைசியிலே சந்தையிலே கூடை வச்சிருக்க கிழவியோட அகராதியைத்தான் புரட்டினாங்க. நீ புரட்ட வேண்டாம். உனக்குக் கம்ப்யூட்டர் இருக்கு.

பத்திரம் வாசிக்கத் தெரியுமா உனக்கு? ௸-ன்னு ஒரு குறி வரும். மேற்படின்னு அர்த்தம், வாயாலே படிக்கும்போது 'ஷை'ம்பாங்க. புதுசா வேலைக்கு வந்த ஒரு பையன் பத்திரக் கட்டை முழுக்கப் புரட்டிட்டு, 'தாத்தா, யாரு இந்த ஷை? ஊர்ப்பாதி நிலம் இவர் பேருலே இருக்கே'ன்னு என்கிட்டயே கேட்டான். பெரிய கைதான்னு சொல்லி அனுப்பினேன். தஞ்சாவூர்ச் சீமையிலே ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அளக்குத கோல் மாறினா அடுத்த சீமையிலே குழியும் மாறிரும். 'குழி: ஒரு நில அளவு'ன்னு எழுதிட்டு நீ ஒதுங்கிரு, அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் சாகட்டும். வருசத்திலேயும் அதே கூத்து. பஞ்சாங்கத்துக்குச் சித்திரையிலே பிறக்கும், வரிக்காரனுக்கு ஏப்ரல் 1-ல, தாலுகா ஆபீசுக்கு ஜூலை 1-ல. ஃபசலி 1434-னு அடங்கல்லே போட்டிருந்தா அது 2024 ஜூலையிலேருந்து 2025 ஜூன் வரைக்கும். அறுவடையை வச்சு வந்த கணக்கு. உன் குறிப்பைப் படிச்ச பிள்ளை, 1434-ன்னா விஜயநகரத்து ராஜா காலத்துப் பட்டான்னு நினைச்சு மியூசியத்துக்குக் கொண்டுபோகும்.

மிச்சம் இருக்கது கூலி. அதிலே ஏமாந்துராதே. வைணவப் பெரியவங்க உரையை எழுத்தெண்ணி அளந்தாங்க. 32 எழுத்து ஒரு படி. திருவாய்மொழிக்குப் பாட்டு 1102. அதுக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதினது ஆறாயிரப்படி. நம்பிள்ளை சொன்னதைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வச்சது முப்பத்தாறாயிரப்படி, ஈடுன்னு பேரு. அந்த ஈடு புரியலைன்னு அதுக்கும் அரும்பதவுரை எழுதினாங்க. நீயும் உன் முதலாளிகிட்ட, 'அய்யா, படிக்கணக்கிலே கூலி கொடுங்க'ன்னு கேளு. எந்தப் படின்னு மட்டும் மொதல்லேயே எழுதி வாங்கிக்கோ. பயணப்படின்னு எடுத்துக்கிட்டாருன்னா பஸ் டிக்கெட் எங்கேம்பாரு. நெல் அளக்குத படின்னு எடுத்துக்கிட்டா உங்கம்மாவுக்குச் சந்தோசம். புத்தகப் படின்னு எடுத்துக்கிட்டாருன்னா, நீ எழுதின புத்தகத்திலேயே ரெண்டை எடுத்து உன் கையிலே கொடுத்து, கணக்குத் தீந்துதுன்னுருவாரு. புத்தகம் போடுதவங்களை எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும், அவரு மூணாவதைத்தான் எடுப்பாரு.